காரணம்: பாலம்

என் அக்காவின் கணவர் ரயில்வே அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் ஒரே வேலையைப் பார்த்தார். எந்த நீராவி என்ஜின் எந்தப் பாதையில் போகக் கூடாது என்று எழுதி வைப்பது. எது எதில் போகலாம் என்று எழுத வேறொருவர் இருந்தார். அவருக்கு ஜன்னலோர மேசை, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அத்தானுக்கு இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, பக்கவாட்டில் நுழைந்துதான் உட்கார முடிகிற ஓர் இடம். ஆளும் அதற்கேற்ற ஒல்லி. 'இவருக்கு மட்டும் எந்தப் பாதையிலும் தடை இல்லை' என்று அங்கே சொல்லிச் சிரிப்பார்களாம். அதை அவரே வீட்டுக்கு வந்து சொல்லுவார், சிரிக்காமல்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கூடாது சார். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. முகத்துக்கு நேரேதான் கூப்பிட்டார்கள். ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை ஒன்றின் உறைமேல் 'திரு. கூடாது அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதி வந்தது. குடும்பத்துடன் போய் வந்தோம்.

நான் பதின்மூன்று வயதில் அவர்கள் வீட்டுக்கு வந்தவள். அக்காவுக்கு முதல் பிரசவம், ஒத்தாசைக்கு ஒரு மாதம் என்று என் பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அத்தானின் தடைப் புத்தகம்தான்.

ஓர் என்ஜினைத் தடுக்க அப்படி என்ன காரணம் இருந்துவிட முடியும் என்று நானும் முதலில் நினைத்தேன். தண்டவாளம் எல்லா இடத்திலும் ஒரே அகலம், உருண்டு போக வேண்டியதுதானே. அப்படி இல்லை. சில வீடுகளுக்குச் சில உறவினர்களைக் கூப்பிட முடியாது, அதே கதைதான். ஒருவர் உட்கார்ந்தால் நாற்காலி தாங்காது. ஒருவருக்கு வாசல் நிலை தலையில் இடிக்கும். ஒருவருக்கு மாடிப்படி திருப்பத்தில் உடம்பு திரும்பாது. கனத்த என்ஜின் நின்றால்கூடப் பழைய பாலம் தாங்கிவிடும். ஓடும்போது அதன் சக்கரங்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல அடிக்கும், அது பாலத்துக்கு ஆகாது. நீளமான என்ஜினின் பெரிய சக்கரங்களை ஒரே தண்டால் பிணைத்திருப்பார்கள். நெருக்கமான வளைவில் அவை வளைந்து கொடுக்காமல் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். உயரமானதற்குச் சுரங்கத்தின் கூரை பகை. பெரிய வகை என்ஜின் என்று ஒன்று உண்டு. அதன் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும், கூட்டத்தில் முழங்கையை விரித்து நடக்கிற ஆள் மாதிரி, துருத்திக்கொண்டிருக்கும். எங்கே எது இடிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அத்தானின் உத்தியோகம்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். அக்கா ஒரு துணி அலமாரிக்குச் சொல்லி வைத்தபோது, அவர் ஒரு நூலை எடுத்துப்போய் மாடிப்படியை அளந்துவிட்டு வந்து, "கூடாது" என்றார். அக்கா கேட்கவில்லை. அலமாரி வந்தது, படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் அந்தக் கட்டிடத்தில் குடியிருந்த அத்தனை பேரும் அதன் கீழே குனிந்து ஏறி இறங்கினார்கள். அக்கா அவரோடு நான்கு நாள் பேசவில்லை. அலமாரி மாட்டிக்கொண்டதற்காக இல்லை. அவர் சொன்னபடியே மாட்டிக்கொண்டதற்காக.

பெரிய வகை என்ஜினைப் பதினொரு பாதைகளில் தடுத்து எழுதியவர் அவர்தான். ஆனால் தினமும் வேலை முடிந்து வரும்போது என்ஜின்கள் நிற்கிற ஷெட் வாசலில் நின்று பத்து நிமிடம் அதைத்தான் பார்த்துவிட்டு வருவார். சட்டைக் கையில் கரி இருக்கும்.

"என்னை இப்படி ஒரு நாள் நின்னு பார்த்திருக்காரா கேளு," என்பாள் அக்கா என்னிடம், அவர் காதில் விழும்படி.

"உன்னைப் பார்க்க ஷெட்டுக்குப் போகணுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதானே இருக்க," என்பார் அவர். ஒன்றரை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அவர் சொன்னது உண்மைதான்.

தடைப் புத்தகத்துக்கு மாதம் ஒரு கட்டுத் திருத்தச் சீட்டுகள் வரும். அந்தந்த வரியின்மேல் அதற்கான சீட்டை ஒட்ட வேண்டும். அத்தானுக்கு அளக்கத் தெரியும், ஒட்டத் தெரியாது. பசை முழங்கை வரை ஏறிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் புத்தகம் சாப்பாட்டுப் பைக்குள் உட்கார்ந்து வீட்டுக்கு வரும். நான் மாவைக் காய்ச்சிப் பசை செய்து ஒட்டுவேன். திங்கட்கிழமை அது திரும்பிப் போகும். 'இப்புத்தகம் அலுவலகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லப்படக் கூடாது' என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் கூடாது சொன்ன மனிதர் மீறிய ஒரே கூடாது அதுதான்.

இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும். ஷெட்டுகளுக்கும் ஸ்டேஷன்களுக்கும் அனுப்பிய பிரதிகளில் பாதையின் பெயர், என்ஜினின் வகை, ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். காரணம் என்ற கட்டம் அலுவலகப் பிரதியில் மட்டுமே உண்டு. காரணத்தைச் சொன்னால் டிரைவர்கள் வாதாடுவார்கள் என்று பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். வாதாட யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அலுவலகத்தையும் சேர்த்து.

ஒரு வெள்ளிக்கிழமை இதற்கெல்லாம் வேலை வந்தது. ஆற்றைத் தாண்டிப் போகிற ஒரு கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷனில் புதுக் கட்டிடம் திறக்க மேலதிகாரி தனி ரயிலில் போவதாக ஏற்பாடு. ரயிலை இழுக்கப் பெரிய வகை என்ஜின்தான் வேண்டும் என்றார் அவர். படம் எடுக்கப் போகிறார்களாம். சின்ன என்ஜின் பக்கத்தில் நின்றால் எடுபடாதாம். அந்தப் பாதையில் பெரிய வகைக்குப் பெருக்கல் குறி இருந்தது.

மேலதிகாரி எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்று எழுந்து நிற்பதையே உத்தியோகமாக வைத்திருந்த ஓர் உதவியாளர் அங்கே இருந்தார். பெயரும் அதுவேதான், ஆகட்டும் சார். அவர் அத்தானின் அலமாரிச் சந்துக்கே வந்துவிட்டார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் பியூன் அண்ணன். அவர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

"ஆத்துப் பாலத்துக்காகப் போட்ட தடைதானே சார் அது. பாலத்தைத்தான் மூணு வருஷம் முன்னாடியே பலப்படுத்தியாச்சே. தடையை எடுத்தாச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பாலத்துக்காகன்னு எங்க எழுதியிருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"எல்லாருக்கும் தெரியறது எதுவும் புத்தகத்துல இல்ல."

"புத்தகத்துல காரணமே இல்லையே. காரணமில்லாத தடையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"காரணம் தெரியாம எடுக்கக் கூடாது."

"வந்துடுச்சா," என்றாராம் ஆகட்டும் சார், கடிகாரத்தைப் பார்த்து. "நாலு நிமிஷம் தாங்கினீங்க. பரவாயில்ல."

அப்புறம் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். தலைமைக் குமாஸ்தா இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தோடு நான்கு அறை உள்ள வீடும் வரும். திங்கட்கிழமை காலை கையெழுத்து விழுந்தால் சாயங்காலம் உத்தரவு. விழாவிட்டால், அதே கிளைப் பாதையில் மூன்றாவது ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா இடமும் காலியாகத்தான் இருக்கிறது. தனி ரயில் புறப்படுவது செவ்வாய்க்கிழமை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நான்கு அறைகளுக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது. அக்காவின் மகள்கள் இருவரும் ஜன்னல் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். அக்கா அந்த வீட்டு மாடிப்படியைப் பார்த்தவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள்.

"நேரா இருக்காம், திருப்பமே இல்லையாம்," என்றாள். "ஏங்க, ஒரு கையெழுத்து. முப்பது செகண்டு ஆகுமா?"

"பார்க்கலாம்," என்றார் அத்தான். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சனிக்கிழமை புத்தகம் வழக்கம்போலப் பையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணக் கட்டத்தில், அந்த வரிக்கு நேரே, மேல் வரியின் சீட்டு கீழே இறங்கி மூடியிருந்தது. ஒட்டியவள் நான்.

எட்டு வருடம் முன் அந்தக் கிளைப் பாதை வேறோர் அலுவலகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு மாறியது. அங்கிருந்து அச்சடித்த பக்கங்கள் மட்டும் வந்தன. கோப்புகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாரம் அத்தான் காய்ச்சலில் படுத்திருந்தார். பியூன் அண்ணன் பக்கங்களைத் தைத்த புத்தகத்தையும் ஒரு திருத்தச் சீட்டையும் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சீட்டு. இரண்டு விரல் இடத்துக்கு நான்கு விரல் சீட்டு. சீட்டை வெட்டக் கூடாது, மடிக்கக் கூடாது என்று அத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். வெட்டவில்லை, மடிக்கவில்லை. கீழ் வரியின் காரணம் அடியில் போனது. விதிப்படிதான் போனது.

ஒட்டுவதற்கு முன் எதையும் ஒரு தடவை படித்துவிடுவது என் பழக்கம். அந்த வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் நினைவில் இருந்தது. ரயில் புத்தகத்தில் அந்தச் சொல்லை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமையே அது ஞாபகம் வந்துவிட்டது. சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்கிற பழக்கம்தான் எனக்கு உண்டு, யாரும் கேட்கவில்லை.

சட்டியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன்.

"அத்தான். அது பாலம் இல்ல. செருப்பு."

"என்னம்மா?"

"அந்தச் சீட்டுக்கு அடியில. பாதணின்னு என்னமோ இருந்துச்சு."

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுந்து வந்து அடுப்பில் கெட்டிலை வைத்தார். கெட்டிலின் மூக்கிலிருந்து வந்த ஆவியில் பக்கத்தைப் பிடித்தேன். என் பசை நல்ல பசை. கால் மணி நேரம் அடம்பிடித்தது. பிறகு சீட்டு ஓரத்திலிருந்து எழுந்து சுருண்டு வந்தது. கீழே இருந்ததை அத்தான் வாய்விட்டுப் படித்தார்.

'மூன்றாவது நிலையத்தில் மேலதிகாரி அவர்களின் துணைவியார் இறங்குகையில் அன்னாரின் வலது பாதணி இடைவெளியில் விழ நேர்ந்ததை முன்னிட்டு, நடைமேடையின் ஓரக்கற்கள் தண்டவாளத்தை நோக்கி ஆறு அங்குலம் நகர்த்தப்பட்டன. பெரிய வகை என்ஜினின் சிலிண்டர் கற்களில் இடிக்கும்.'

அந்தப் பழைய அலுவலகத்தில் அப்போதிருந்த மேலதிகாரியின் மனைவிக்குச் செருப்பு விழுந்தது. செருப்பை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாகப் பிளாட்பாரத்தை எடுத்து நகர்த்தினார்கள். அதன்பின் வந்த பெரிய என்ஜின் வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் போக முடியாமல் ஆயிற்று. அலுவலகம் என்றால் இப்படி ஒரு மரியாதை வேண்டும்.

அக்கா மட்டும் உடனே விஷயத்துக்கு வந்தாள். "பார்த்தாச்சு இல்ல? திரும்ப ஒட்டிடு."

நான் அத்தானைப் பார்த்தேன்.

"நீ வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசறவ," என்றாள் அக்கா என்னிடம். "அதுல ஒண்ணை இன்னிக்குத்தான் பேசணுமாடி?"

"அந்த ஸ்டேஷன்ல கல்லை அளந்து பார்க்கச் சொல்லிட்டா?" என்றேன். அன்றைக்கு இரண்டாவது வார்த்தை.

"யார் சொல்றது?" என்றார் அத்தான். "குமாஸ்தா கேட்டு எந்த ஸ்டேஷன் மாஸ்டர் குனிஞ்சு அளந்திருக்கார்? மேல இருந்து உத்தரவு போகணும். உத்தரவு போடக் காரணம் கேப்பாங்க. காரணம் இங்க இருக்கு." ஈரமான பக்கத்தைத் தட்டினார். "நேத்து மதியம் ஆகட்டும் சார் இந்தப் புத்தகத்தை அலமாரியில தேடிட்டுப் போனாராம். பியூன் சொன்னார். நாளைக்கு முதல் கேள்வியே எங்க இருந்துச்சுன்னுதான்."

ஆக, கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. சீட்டைத் திரும்ப ஒட்டினால் கையெழுத்து, நான்கு அறை, நேரான மாடிப்படி. ஒட்டாவிட்டால், புத்தகத்தைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அதில் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தி எட்டு வருடமாகக் கை வைத்ததும் வெளியே வரும். தண்டனையும் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் போவதில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் கரி.

"புதுசா சிவப்பு வர்ணம் அடிச்சிருக்காங்க," என்றார். "சிலிண்டர் மேல பித்தளைப் பட்டை. முப்பது மைல் வேகத்துல அந்தக் கல்லுல இடிச்சா, முன்பக்கம் மொத்தமும் பிய்ஞ்சு போயிடும்." ரயிலில் உட்கார்ந்திருக்கப்போகும் மேலதிகாரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஒட்ட வேண்டாம்மா. அப்படியே காயட்டும்."

அக்கா அன்று பருப்பில் உப்புப் போடவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போனார். நேரே மேலதிகாரியின் அறைக்குப் போய் மேசையில் வைத்தாராம். பக்கம் அப்பளம் போலப் பொருமிக்கொண்டு நின்றதாம்.

"சனிக்கிழமை முழுக்கத் தேடினேனே சார், இது எங்க இருந்துச்சு?" என்றார் ஆகட்டும் சார்.

"என் வீட்டுல."

"வீட்டுலயா. சீட்டெல்லாம் யார் ஒட்டறது?"

"என் மனைவியோட தங்கச்சி."

"அவங்க நம்ம ஆபீஸ்ல எந்தப் பிரிவு?"

"ஆபீஸ்ல இல்ல. எங்க வீட்டுல, சமையல்."

இந்த இடத்தில் பியூன் அண்ணன் வெளியே வந்து சிரித்துவிட்டு உள்ளே போனதாகச் சொன்னார். அத்தான் சிரித்திருக்க மாட்டார்.

மேலதிகாரி வரியைப் படித்தார். தந்தி போனது. மூன்றாவது ஸ்டேஷன் மாஸ்டர், மேலிடத்து உத்தரவு என்பதால், குனிந்து அளந்தார். மதியம் பதில் வந்தது. சிலிண்டருக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி கிடையாது. கல்தான் ஒன்றரை அங்குலம் உள்ளே இருந்தது.

ஒரு பெரிய விபத்து தப்பியது. ஆகவே, பாராட்ட வேண்டியவர்களைப் பாராட்டினார்கள். உரிய நேரத்தில் புத்தகம் காணாமல் போனதைக் கண்டுபிடித்த விழிப்புணர்ச்சிக்காக ஆகட்டும் சார் தலைமைக் குமாஸ்தா ஆனார். நான்கு அறைக்குக் குடிபோனார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. புத்தகத்தை வெளியே எடுத்துச் சென்ற குற்றத்துக்காக அத்தானை மூன்றாவது ஸ்டேஷனுக்குப் பார்சல் குமாஸ்தாவாக மாற்றினார்கள். தனி ரயிலைச் சின்ன என்ஜின்தான் இழுத்தது. அதற்கும் சிவப்பு அடித்து, படம் எடுத்தவரைத் தரையில் படுத்து எடுக்கச் சொன்னார்கள். படத்தில் அது பெரிதாகத்தான் தெரிந்தது.

பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். அத்தான் மட்டும் போனார். அக்கா அவர் பெட்டியை அடுக்கினாள். கடைசியில் அளக்கிற நூலைத் தேடி எடுத்துச் சட்டைகளுக்கு நடுவில் வைத்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்து, "என்னடி பார்க்கற?" என்றாள்.

அவர் சனிக்கிழமைகளில் வருவார். பை இருக்கும், புத்தகம் இருக்காது. அங்கே தினமும் நான்கு வண்டிகள், எல்லாம் சின்ன என்ஜின்கள், எதுவும் இடிப்பதில்லை என்று சொன்னார். பெரிய என்ஜினைப் பார்க்க முடியாததுதான் குறை என்று சொல்லவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் பிளாட்பாரத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நிற்பாராம். அவர் சட்டையில் இப்போது கரி இல்லை, ஓரக்கற்களில் அடித்திருந்த சுண்ணாம்பு இருந்தது.

அவர் போன மூன்றாவது மாதம், பியூன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் சாப்பாட்டுப் பை.

"தப்பா நினைச்சுக்காத தங்கச்சி," என்றார். "புதுத் தலைமைக் குமாஸ்தாவுக்கு ஒட்ட வரல. போன வாரம் ரெண்டு பக்கம் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. யாருக்கும் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை குடுத்தா போதும்னார்."

புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் அந்தத் தடித்த எழுத்து அப்படியே இருந்தது.

சீட்டுக் கட்டில் ஒன்று அந்தக் கிளைப் பாதைக்கு உரியது. செருப்பைத் தவறவிட்டவரின் கணவர் இப்போது தலைமை அலுவலகத்தில், எங்கள் மேலதிகாரிக்கும் மேலே, உட்கார்ந்திருக்கிறாராம். அவர் கண்ணில் அந்த வரி பட்டால் நன்றாக இருக்காது என்று யோசித்து, அதன்மேல் ஒட்ட ஒரு சீட்டு அச்சடித்திருந்தார்கள். 'பெரிய வகை என்ஜின் செல்லக் கூடாது. காரணம்: பாலம்.'

இன்னும் சில வருடத்தில் இன்னொரு திறப்பு விழா வரும். பாலத்தைத்தான் பலப்படுத்தியாச்சே என்று இன்னொருவர் சொல்லுவார். அலமாரிச் சந்தில் உட்கார்ந்து எதிர்த்துப் பேச அன்று ஆள் இருக்க மாட்டார்.

மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். நான்கு ஓரத்திலும் பசை தடவி, காற்றுப் புகாமல் அழுத்தி ஒட்ட வேண்டும் என்று அத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டுக்கு மேல் ஓரத்தில் மட்டும், ஒரு நூல் அகலத்துக்குத் தடவினேன். விரலால் கீழ் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கதவு மாதிரி எழுந்தது. உள்ளே வலது பாதணி பத்திரமாக இருந்தது.

"என்னடி, ஒட்டிட்டியா?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"ஒட்டிட்டேன்," என்றேன்.